உல்லாவின் குசினிச் சுவர்

“பென்ட் எங்கை?” என்று உல்லா கேட்டார்.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுமண்டபம். ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெளியே மழை. உள்ளே நனைந்த ஜக்கெட் மணமும் கோப்பி மணமும். சுவரில் நான் எடுத்த எட்டுப் படங்கள் தொங்கின. தன்னுடைய படத்துக்கு முன்னால், கையில் கேக் தட்டோடும் கழுத்தில் முத்துமாலையோடும் உல்லா நின்றார். அந்த மாலையை அவர் நல்லநாள் பெருநாளுக்குத்தான் வெளியில் எடுப்பார்.

உல்லா எங்கள் படிக்கட்டில் கீழ்வீட்டு டெனிஷ்காரி. எழுபதைத் தாண்டியவர். பென்ட் அவருடைய கணவர். பென்ட் செத்து நாலு வருடம் ஆகிறது. செத்தவீட்டுக்கு நானும் போனேன். கறுப்புச் சேலையா, கறுப்புக் காற்சட்டையா என்று குழம்பி நேரம் போய், கடைசியில் வேலை உடுப்போடு போய் நின்றவள் நான்.

எனக்கு வேலை முதியோர் இல்லத்தில், மறதி நோய்க்காரர் பிரிவில். செத்தவர்களை எங்கே என்று தேடும் கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் காதால் கேட்கிறவள். அதனால் உடனே என் வேலைக்குரல் வந்துவிட்டது. தோளில் கையை வைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“உல்லா, பென்ட் இப்ப இல்லை எல்லோ. அவர் மோசம் போயிட்டார். வாங்கோ, இருந்து கோப்பி குடிப்பம்.”

உல்லா என் கையைத் தட்டிவிட்டார்.

“எனக்கு மண்டை பிசகேல்லை, சாந்தி. என்ர மனிசன் செத்தது எனக்குத் தெரியும்.”

(இதெல்லாம் டெனிஷில் நடந்த கதை. நான் எழுதும்போது உல்லா யாழ்ப்பாணத்தாள் மாதிரித்தான் கதைப்பார். எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு அவர் விரலைப் படத்தின்மேல் வைத்தார். தன் முகத்தில் இல்லை. தனக்கு எதிரே இருந்த வெறுங்கதிரைக்கு மேலே, வெள்ளைச் சுவரில்.

“இதிலை இருந்தவர். இந்த இடத்திலை ஒரு அடையாளம் கிடந்தது. நீ காணேல்லையோ? வேலையாலை வந்து, கோப்பி குடிச்சு, தலையைச் சுவரிலை சாய்ச்சு ஒரு சின்ன நித்திரை. முப்பது வருசமா ஒவ்வொரு நாளும். அந்தத் தலை பட்ட அடையாளம். அதுக்காகத்தானே உன்னைப் படம் எடுக்க விட்டனான்.”

கண்டேன். காணாமல் என்ன! அந்தக் கறையை அழிக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டவள் நான்தானே. இனிப் போய்த் திரும்ப எடுக்கவும் வழியில்லை. திருத்தவேலைக்காரர் அந்தச் சுவரை ஏற்கெனவே உடைத்துவிட்டார்கள்.

“ஒரிஜினல் படம் வீட்டிலை இருக்கு, உல்லா. நாளைக்குக் கொண்டு வாறன்” என்றேன்.

பச்சைப்பொய். நான் ஒரிஜினல் வைத்திருப்பதில்லை. ஆனால் உல்லாவின் முகம் தெளிந்துவிட்டது. “நாளைக்கு ரெண்டு மணிக்கு வா. கோப்பி போட்டு வைக்கிறன்” என்று சொல்லிவிட்டுக் கேக்கைத் தின்னத் தொடங்கினார்.

எட்டுக் கதவுகள்

இந்தக் கண்காட்சி எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

எங்கள் குடியிருப்பு, வாடகைக்கு இருப்பவர்களே சங்கம் வைத்து, கூட்டம் போட்டு, கை உயர்த்தி முடிவெடுக்கும் இடம். ஒரு படிக்கட்டுக்கு எட்டுக் கதவுகள். எட்டு வீட்டிலும் ஒரே அளவுக் குசினி என்கிற சமையலறை, ஒரே யன்னல், குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரை உடைத்துத் திறந்த குசினி ஆக்குவதா என்று போன வருடம் வாக்கெடுப்பு நடந்தது. கருவாடு பொரிக்கிற நாங்கள் தோற்றுப்போனோம்.

உடைத்துத் திருத்தி முடிக்கும் வரைக்கும் எல்லோரும் பக்கத்துக் கட்டடத்தில் தற்காலிக வீட்டுக்குப் போகவேண்டும். அதற்கு முதல் எட்டுக் குசினியிலும் ஒவ்வொரு படம் எடுத்து மண்டபத்தில் மாட்டுவோம் என்று சங்கத் தலைவி சொன்னார். ஒரே குசினிக்குள் ஒவ்வொருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கலாம் அல்லவா என்று கேட்டார். “படம் எடுக்க ஆர் இருக்கினம்?” என்று அவர் முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன், கலை ஆர்வம் இல்லை. விடுப்பு. பிறத்தியார் வீட்டுச் சங்கதி அறிகிற ஆசைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர், எனக்கு அது பிறவிக்குணம். ஆனால் இந்த நாட்டில் அயலவர் வீட்டுக்குள் சும்மா நுழைய முடியாது. இருபது வருடமாக இந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். யார் வெங்காயம் வதக்குகிறார்கள், யார் வீட்டில் தண்ணீர்க் குழாய் கத்துகிறது, உடுப்புத் தோய்க்கும் அறையில் யார் தன் நேரம் முடிந்தும் மெஷினை விடமாட்டார் என்று எல்லாம் தெரியும். ஆனால் எதிர்வீட்டுத் தமிழ் அக்காவுடையதைத் தவிர ஒரு குசினியையும் கண்டதில்லை. இப்போது கமராவைத் தூக்கிக்கொண்டு, சங்கத்தின் அனுமதியோடு, எட்டு வீட்டுக்கும் போகலாம்! எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை.

மேல்மாடி யூசுப் பஸ் ஓட்டுகிறவர். விடியப்புறம் அவர் வீட்டில் கேட்கும் கீச்சுச் சத்தத்தை அவருடைய போன் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பிரிட்ஜுக்கு மேலே ஒரு கூடு, அதற்குள் ஒரு சின்னப் பச்சைக்கிளி. யூசுப் அதனோடு சோமாலியில் கதைக்கிறார். அது டெனிஷில் “வணக்கம்” சொல்கிறது.

அதற்கு எதிர்வீட்டில் ராஸ்முஸ், படிக்கிற பெடியன். குசினியில் ஒரே ஒரு சட்டி, பதினொரு போத்தல் உறைப்புச் சோஸ், கூரையில் தொங்கும் ஒரு சைக்கிள். “சைக்கிளை வெளியிலை வைச்சிட்டு எடுப்பமே?” என்று கேட்டேன். “ஏன்?” என்றான். சைக்கிளோடு எடுத்தேன்.

எங்களுக்கு நேர் எதிரே யோகேஸ்வரி அக்கா. இந்தப் படிக்கட்டில் எங்களைத் தவிர ஒரே தமிழ் வீடு. அடுப்பைச் சுற்றிய சுவர் முழுக்க எண்ணெய் தெறிக்காமல் அலுமினிய ஃபொயில் ஒட்டி வைத்திருப்பார். அதில் தேங்காய்க்கும் பாலுக்கும் லிஸ்ட், பேரப்பிள்ளைகள் பேனையால் கீறிய பூனை, யாருடையதோ போன் நம்பர். நானும் கணவரும் சொன்ன நேரத்துக்கு முதலே போய்விட்டோம். அக்கா கதிரையில் ஏறி நின்று அந்த ஃபொயிலை உரித்துக்கொண்டிருந்தார்.

“நில்லுங்கோ, நில்லுங்கோ, இன்னும் எடுக்காதையுங்கோ! இந்த அரியண்டத்தை உரிச்சுப்போட்டு வாறன்.”

உரித்து, சுவரைத் துடைத்து, பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு வந்து நின்றார். படம் வடிவாகத்தான் வந்தது. கடையில் புதுக் குசினி விற்கிற விளம்பரத்துக்கு நிற்கிறவர் மாதிரி இருந்தார். எனக்கும் அது அப்போது பிழையாகத் தெரியவில்லை.

அழித்துவிடுகிறவள்

சென்ற வாரம் இந்தத் தொடரில், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுப் படங்களில் முகங்களை வெளுப்பாக்கிக் கொடுத்த கதையை எழுதினேன். அதை வாசித்துவிட்டு ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு அக்கா பத்திரிகை ஆசிரியருக்குப் போன் எடுத்து, “அப்ப என்ர மகளின்ர படமும் அப்பிடியோ?” என்று கேட்டாராம். ஓம் அக்கா. அப்பிடித்தான்.

கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களுக்கு நான் படம் எடுக்க, இவர் வீடியோ எடுப்பார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்ல மாட்டேன், பழக்கம் அப்படி. யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு வீடியோக்காரர்.

எங்கள் இருவருக்கும் தொழில் முறையில் ஏழாம் பொருத்தம். நான் தேவையில்லாததை எல்லாம் அழிப்பேன். பரு, தழும்பு, பின்னால் நிற்கும் குப்பை வாளி, சண்டை பிடித்துக்கொண்ட மச்சாள், எல்லாம் போய்விடும். இவர் எதையும் அழிக்க மாட்டார். பொத்தானை அமத்தினால் அமத்தினதுதான், நிற்பாட்டத் தெரியாது. பெண் அழைப்பு நேரத்தில் மண்டபத்து நிலத்தையும் தன் சப்பாத்தையும் இருபது நிமிடம் எடுத்து வைத்திருப்பார். “இந்தக் கோதாரியை ஏன் வைச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டால், “கிடக்கட்டும், பேந்து பாப்பம்” என்பார். அந்தப் பேந்து, அதாவது பிறகு, ஒருநாளும் வந்ததில்லை. பெட்டி பெட்டியாக ஹார்ட் டிஸ்க்குகள் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன.

ஒரிஜினலை அழிக்கும் பழக்கம் எனக்கு ஒரு சண்டையால் வந்தது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சாமத்திய வீடு. திருத்தாத படங்கள் கொஞ்சம் எப்படியோ வெளியில் போய், கனடாவில் இருக்கும் மாமிமார் கைக்குப் போய், பெண்ணின் தாயின் உண்மையான நிறத்தைப் பற்றியும் சட்டையில் குத்திய ஊசியைப் பற்றியும் அவர்கள் கதைக்க, இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விட்டது. பழி என் தலையில். அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன். திருத்திய படத்தைக் கொடுத்த அடுத்த நாளே மூலப்படம் அழியும். இதை நான் விளம்பரமாகவே சொல்வேன். “சாந்தியின்ர கமராவுக்கு வாய் இல்லை” என்று டென்மார்க் முழுக்கப் பெயர். அதனால்தான் தாய்மார் என்னைத் தேடி வந்தார்கள்.

உல்லாவின் படத்தையும் அப்படித்தான் செய்தேன். கை பழகிய பழக்கம்.

அவர் இருக்காத கதிரை

படம் எடுத்த அந்தப் பகலை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வேலை முடிந்து நேரே போனேன். சாம்பல் நிற ஜொகிங் காற்சட்டை, கம்பளிச் சொக்ஸ். நான் படத்தில் இல்லைத்தானே. இவர் வெளிச்ச விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார், வழக்கம் போல வீடியோவும் கையில்.

உல்லா மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்திருந்தார். இரண்டு கதிரைகள். ஒன்று யன்னல் பக்கம், மற்றது சுவரோடு ஒட்டி. அந்தச் சுவரில், இருக்கிறவரின் தலை உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக, தேத்தண்ணி நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது அந்தக் கறை.

தலை எண்ணெய்க் கறை எனக்குப் புதிதா? எங்கள் வீட்டில் இவருடைய தேங்காயெண்ணெய்த் தலையோடு எத்தனை வருடப் போராட்டம். சோபாவுக்குப் பின்னால் துவாய் போட்டும், சுவரைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் ஓய்ந்து போனவள். விருந்தாளி வருகிறார் என்றால் முதலில் அதைத்தான் மறைப்பேன். அதனால் உல்லாவுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. வயது போன மனிசி, துடைக்க நாரி வளையாது, பாவம் என்று நினைத்தேன்.

“சுவரோடை கிடக்கிற கதிரையிலை இருங்கோ, உல்லா” என்றேன். தலை கறையை மறைக்கும் என்று கணக்கு.

“அது என்ர கதிரை இல்லை” என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கக் கதிரையில் இருந்தார். பிறகு, “சுவரையும் சேர்த்து எடு, என்ன?” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. இந்த ஊர்ச்சனம் அப்படித்தான், மனதில் பெரிதாக இருப்பதைச் சின்னதாக ஒருதரம் சொல்லிவிட்டு வாயை மூடிவிடும். யார் வீட்டு வாசலிலும் நின்று எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற எனக்கு, அன்றைக்கு ஒரு “ஏன்” கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

சுவரையும் சேர்த்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து அதை வடிவாகத் துடைத்துவிட்டேன். சுவர் பால் மாதிரி வந்தது. எனக்குப் பெரிய புளுகம், அவ்வளவு மகிழ்ச்சி. கண்காட்சியில் மனிசி சந்தோசப்படுவார் என்று நினைத்துக்கொண்டு, மூலப்படத்தையும் அழித்தேன்.

உடைத்த கல்லுக்குள்

ஞாயிற்றுக்கிழமை காலை தற்காலிக வீட்டில் இருந்த பெட்டிகளை எல்லாம் கவிழ்த்தேன். கொம்பியூட்டரில் இல்லை. அழித்தவை போய்க் கிடக்கும் இடத்திலும் இல்லை. கமராவின் கார்ட்டைப் போட்டுப் பார்த்தால், அதில் ஒடென்சேயில் நடந்த ஒரு சாமத்திய வீடு மேலாலே ஏறிப் படுத்திருந்தது. அறுநூறு படம். தோழிமார், தட்டங்கள், ஊஞ்சல். பென்ட்டின் கறை அதற்கு அடியில் எங்கேயோ நசிந்து போயிற்று.

இவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால், “நான் எத்தினை தரம் சொன்னனான், அழியாதையும் எண்டு” என்று ஆரம்பிப்பார். அதைக் கேட்க எனக்குப் பலம் இல்லை.

மணி பதினொன்று. இரண்டு மணிக்கு உல்லா கோப்பி போட்டு வைத்துக் காத்திருப்பார்.

ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு எங்கள் பழைய கட்டடத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி. உடைத்த சுவர்களை எல்லாம் அதற்குள்தான் கொட்டியிருந்தார்கள். மழைத்தண்ணீரில் சாந்து கரைந்து பால் மாதிரித் தேங்கி நின்றது. புத்தி இருக்கிறவள் திரும்பி வந்திருப்பாள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, ஒவ்வொரு கல்லாகப் புரட்டத் தொடங்கினேன். பச்சை பெயின்ட், மஞ்சள் பெயின்ட், ஒரு துண்டில் யாரோ ஒட்டிய முயல் படம். தேத்தண்ணி நிறத்தில் வட்டம் மட்டும் இல்லை.

“சாந்தி! அதுக்கை என்ன தேடுறீர்?”

இவர். கையில் குடை. என்னைத் தேடி வந்திருக்கிறார்.

“பென்ட்டின்ர சுவரை” என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாளியின் மேல் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டினேன். உல்லா கேட்டது, நான் வேலைக்குரலில் ஆறுதல் சொன்னது, அழித்தது, பொய் சொன்னது, ஒன்றையும் விடவில்லை.

இவர் கண்ணாடியில் விழுந்த மழையைத் துடைத்தார். ஏசவில்லை.

“ஏன் உதுக்கு அழுறீர்? என்ர வீடியோவிலை கிடக்குமே” என்றார்.

இவரின் வீடியோ

பத்தொன்பது நிமிட வீடியோ. முதல் ஆறு நிமிடம் உல்லாவின் குசினி நிலமும் இவரின் சொக்ஸும். வாழ்க்கையில் முதல் தரமாக அந்தச் சொக்ஸை ஓட்டிவிடாமல் பார்த்தேன். பிறகு கமரா மேலே எழும்பியது. யன்னல், உல்லா, மேசை விரிப்பு. அதற்குப் பிறகு நான், நான், நான். எங்கே பார்த்தாலும் என் முதுகு. கறைக்கு முன்னால் போய் நின்று விளக்கைத் திருப்புகிறேன், கதிரையை நகர்த்துகிறேன், மறைத்துக்கொண்டே நிற்கிறேன்.

“தள்ளன், சனியனே” என்று திரையில் நின்ற என்னை நானே ஏசினேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் உல்லாவின் சட்டைக் கொலரைச் சரிசெய்யக் குனிகிறேன். ஐயோ கடவுளே. திரையில் பாதி, ஜொகிங் காற்சட்டைக்குள் என் பின்பக்கம். அதற்கு நேர் மேலே, முழுசாக, வட்டமாக, யன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கிக்கொண்டு பென்ட்டின் அடையாளம். எண்ணிப் பார்த்தால் பத்து விநாடி வரும்.

அந்தப் பத்து விநாடியில் என் குரலும் இருந்தது.

“என்னப்பா, இந்தச் சுவரைப் பாருங்கோவன். என்ன ஊத்தை! ஆரோ தலையைத் தேய்ச்சுத் தேய்ச்சு... சீ, இவ ஒருநாளும் துடைக்கிறேல்லைப் போல.”

இவர் வீடியோவை நிற்பாட்டினார்.

“சத்தத்தை எடுத்துப்போட்டுக் குடுக்கட்டோ?” என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

“வேண்டாம், ஒரு படமாப் பிரிச்சு எடுப்பம். வீடியோவைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை” என்றேன். அந்த நிலைமையிலும் என் புத்தி மறைக்கத்தான் ஓடியது. காட்சியை நிற்பாட்டி, படமாக்கி, அச்செடுத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று இவர் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு

சரியாக இரண்டு மணிக்கு மணி அடித்தோம். உல்லாவின் தற்காலிக வீட்டில் இன்னும் பெட்டிகள் அடுக்கியபடி. மேசையில் கோப்பி, மூன்று கோப்பை, ஒரு தட்டில் பிஸ்கட்.

இருந்ததும் முதலில் உண்மையைச் சொன்னேன். ஒரிஜினல் இல்லை, நேற்றுச் சொன்னது பொய், நான்தான் அழித்தேன், ஊத்தை என்று நினைத்து அழித்தேன் என்று. உல்லா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அச்செடுத்த படத்தை மேசையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டார். என் பின்பக்கத்தைத் தாண்டி அவருடைய விரல் நேரே மேலே போனது. வட்டத்தைச் சுற்றி ஒரு தரம் தடவினார்.

“இது எங்காலை வந்தது?”

“இவர் எடுத்த வீடியோவிலை இருந்து” என்றேன். வேறு வழியில்லை.

“வீடியோவோ? போடு, பாப்பம்.”

இவர் என்னைப் பார்த்தார். சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் போடச் சொல்லி நான் கண்ணால் காட்டினேன். வீடியோ ஓடியது. உல்லா காதைக் கிட்டக் கொண்டுபோய், “ஏன் கேக்குதில்லை?” என்றார். தானே கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார்.

முதலில் ஒரு உறுமல் கேட்டது. உல்லா நிமிர்ந்தார்.

“என்ர பிரிட்ஜ்! கேளுங்கோ, என்ர பழைய பிரிட்ஜ். பென்ட் எத்தினை தரம் அதுக்கு உதைஞ்சவர்.” வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான் குனிந்தேன். கறை வந்தது. என் குரல் வந்தது.

“இதிலை நீ என்ன சொல்லுறாய்?”

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். “வெளிச்சம் நல்லா இருக்கு எண்டு சொன்னனான்” என்றால் கதை முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் முதல் நாள் சொன்ன ஒரு பொய்யே என்னைக் குப்பைத் தொட்டியில் ஏற்றிவிட்டது.

ஒரு சொல்லும் விடாமல் டெனிஷில் சொன்னேன். என்ன ஊத்தை என்றதையும், சீ என்றதையும், ஒருநாளும் துடைப்பதில்லைப் போல என்றதையும்.

உல்லா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழும்பிவிட்டேன். இல்லை, சிரித்தார். கண்ணாலே தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார்.

“முப்பது வருசமா நான் அந்த மனிசனுக்குச் சொன்னது இதைத்தான். இப்பிடியேதான், இந்தக் குரலிலைதான். ரெண்டு தரம் பெயின்ட் அடிச்சனான், தெரியுமோ? ரெண்டு தரமும் திரும்பி வந்திட்டுது. அவர் போனாப்பிறகுதான் அடிக்கிறதை விட்டனான்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு, “திரும்பப் போடு” என்றார்.

நாலு தரம் போட்டோம். நாலாவது தரம் என் குரல் வரும் இடத்தில் உல்லாவும் தலையை ஆட்டி என்னோடு சேர்ந்து ஏசினார், டெனிஷில், அந்தச் சுவரைப் பார்த்து.

மண்டபத்தில் நான் திருத்திய படத்தைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான். அந்த இடத்தில் இப்போது தொங்குவது வீடியோவில் இருந்து எடுத்த படம், பெரிதாக்கி, கொஞ்சம் மங்கலாக. கீழே இருந்த சின்ன மட்டையில் “உல்லா” என்று மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பேனையால் “பென்ட்” என்று அவரே எழுதினார்.

அடுத்த கிழமை யோகேஸ்வரி அக்கா பார்க்க வந்தார். படத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“எடியே சாந்தி, வெட்கம் இல்லையோ உனக்கு? ஊர்ச்சனம் எல்லாம் வந்து போற இடம். உன்ர பின்பக்கத்தையாவது வெட்டியிருக்கலாமே!”

“வெட்டினால் பென்ட்டும் போயிடுவார், அக்கா.”

அக்கா பக்கத்தில் தொங்கிய தன்னுடைய படத்தைப் பார்த்தார். பட்டுச்சேலை, நகை, பளபளவென்று வெறுஞ்சுவர். அந்தச் சுவரும் இப்போது இல்லை. கன நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்குக் கிட்ட வந்தார்.

“சாந்தி, அண்டைக்கு நான் கதிரையிலை ஏறி ஃபொயில் உரிக்கேக்கை, உன்ர மனிசன் அப்பவும் வீடியோ எடுத்தவரோ?”

“ஓம் அக்கா,” என்றேன். “எல்லாம் கிடக்கு.”